மூன்று புள்ளி

பெட்டி வந்ததும் லிஃப்ட்காரர் அதைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு பார்க்கப் போற மாதிரி இருக்கு," என்றாள் அவர் மனைவி.

"உன்னைப் பார்க்க வந்தப்பகூட நான் இப்படிக் குளிக்கலை."

அவள் சிரித்தாள். அவர் சொன்னது காதில் விழவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் சிரித்தாள். அவளுக்குக் காது போய்ப் பல வருஷமாகிறது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நரம்பே செத்துவிட்டது, எந்த மெஷினும் உதவாது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அன்று வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது மீசை இல்லை. முளைத்த நாளிலிருந்து வளர்த்த மீசை. இரண்டு நுனியையும் முறுக்கி விட்டிருப்பார். லிஃப்ட் வருவதற்கு முன்னால் மீசை வந்துவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அது இருந்த இடத்தில் வெளுத்த தோல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அவர் அவள் எதிரே வந்து நின்று, உதட்டை அகலமாக அசைத்து, "தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. அன்றிலிருந்து அவர் அவளைப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவருடைய வேலை உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. பகல் முழுக்கக் கம்பிக் கயிறும் கிரீஸும். மனசு மட்டும் இனிமேல் வரப்போகிற காலத்தில் குடியிருந்தது. எங்கோ யாரோ புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்றால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. அப்படி வந்து சேர்ந்தவை வீடு முழுக்க இருந்தன. அலாரம் அடித்தால் சக்கரத்தில் ஓடும் கடிகாரம். துரத்திப் பிடித்தால்தான் வாயை மூடும். காந்தத்தின் மேல் அந்தரத்தில் மிதக்கும் பல்பு. மின்சாரம் போனால் தொப்பென்று விழும். மழை வரும் என்றால் கைப்பிடி நீலமாக மினுக்கும் குடை. மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மினுக்கும். தரையைத் தானே பெருக்கும் வட்டத்தட்டு கட்டிலுக்கடியில் போய் மாட்டிக்கொண்டு சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். "உங்களுக்குத் தம்பி இல்லாத குறை தீர்ந்துச்சு," என்பாள் அவள். ஜன்னலில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வெளியே எந்தப் பறவை கத்துகிறது என்று கேட்டுப் பெயர் காட்டும். அதை மட்டும் அவளுக்காக வாங்கினார். காலையில் அவள் அதைப் பார்ப்பாள். புறா என்று காட்டும். மறுபடியும் புறா என்று காட்டும்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு 'அடுத்த நூற்றாண்டு' என்று பெயர். "அடுத்த நூற்றாண்டு வீட்ல இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

இன்று வந்திருப்பது பேச்சை எழுதும் கண்ணாடி. எதிரில் யார் பேசினாலும் பேசுவது அந்தக் கண்ணாடியின் அடியில் பச்சை எழுத்தில் ஓடும் என்று கம்பெனி சொன்னது. அது செய்யப்படுவதற்கு முன்பே இவர் பெயரைப் பதிந்துவைத்தார். அடுத்த மாதம் வரும் என்றார்கள். பிறகு அதற்கடுத்த மாதம் என்றார்கள். ஏதோ ஒரு உதிரிபாகம் கிடைக்கவில்லை, ஏதோ ஒரு கப்பல் வரவில்லை. ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் லிஃப்ட்காரர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். ஒரு பொம்மைக்கு இவ்வளவா என்று அவள் கேலி செய்திருக்கிறாள். "பிரசவ தேதிகூட இத்தனை தடவை தள்ளாது. உள்ள இருக்கறது யானையா?"

அவர் பெட்டியைப் பிரித்தார். சாதாரணக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. காம்புகள் கொஞ்சம் தடிமன். இரண்டு கையாலும் பிடித்து அவளுக்கு மாட்டிவிட்டார். காதோரத்தில் எதையோ அழுத்தினார்.

கீழ்வீட்டிலிருந்து நாத்தனார் மாடியேறி வந்தாள். அவரைவிட வயதில் சின்னவள். கணவன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். அவள் வாசலிலேயே நின்று ஏதோ சொன்னாள். அண்ணிக்கு அவள் உதடு எப்போதும் பிடிபடாது. வெற்றிலை மெல்லுகிற மாதிரி பேசுவாள்.

பச்சை எழுத்து ஓடியது.

*என்ன அண்ணி, பரீட்சை ஹாலுக்கு வந்த டீச்சர் மாதிரி இருக்கீங்க.*

"ஐயோ," என்றாள் அவள்.

*ஐயோ* என்று கண்ணாடியும் எழுதியது. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே படித்தாள். இத்தனை வருஷமாக அது வெளியே வருகிறதா என்பதே தொண்டை அதிர்வை வைத்துத்தான் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றாமலேயே கீழே விரலை விட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தார். நிஜமாகவே குதித்தார். "பார்த்தியா! பார்த்தியா!" என்றன உதடுகள். ஜன்னலைத் திறந்துவிட்டார். தெருவில் போகிறவன் எவனோ இன்னொருவனைத் திட்டினான். திட்டு முழுசாக ஓடியது. குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டும்போது கண்ணாடி மூன்று புள்ளி வைத்தது.

"சத்தம் இருக்கு, பேச்சு இல்லைன்னா புள்ளி வைக்கும்," என்று அவர் விளக்கினார். "என்ன மூளை பாரு அதுக்கு."

பிறகு அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்போ நான். ஒரு வாக்கியம் வெச்சிருக்கேன். ரொம்ப நாளா வெச்சிருக்கேன். உதட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. கண்ணாடியில படி."

உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டார். அவர் கண் சிரித்தது. கன்னம் அசைந்தது.

மூன்று புள்ளி.

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை. புள்ளிதான்."

மறுபடியும் மறைத்துக்கொண்டு சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது.

மூன்று புள்ளி.

நாத்தனார் சமையலறைக்குள் போய்விட்டாள். லிஃப்ட்காரர் கையை எடுத்தார். முகத்தில் ஏதோ வந்து போனது. உடனே சமாளித்துக்கொண்டார். "முதல் தொகுதியில இப்படித்தான் இருக்கும். அப்டேட் வரும்."

"அந்த வாக்கியத்தைச் சும்மா சொல்லுங்களேன். உதட்டுல படிச்சுக்கறேன்."

"அதெல்லாம் இல்லை. கண்ணாடிக்குன்னு வெச்சது."

*

அவள் வேலை பார்ப்பது பல்செட் செய்யும் பட்டறையில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு ஊற்றி, பல் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்குவது. தேய்க்கும் மோட்டார் போடும் சத்தத்தில் மற்றவர்களுக்குத் தலைவலி வரும். இவளுக்கு அந்தக் கவலை இல்லை. விரலை ஓட்டினாலே ஈறில் எங்கே சொரசொரப்பு என்று தெரிந்துவிடும்.

கண்ணாடியோடு போன அன்று பட்டறையில் பாதி வேலை நடக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து எதிரே நின்று எதையாவது சொல்லிப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரனுக்குக் 'கடைவாய்' என்று பெயர். கடைவாய்ப் பல்தான் அவன் வேலை. வாயும் கொஞ்சம் அகலம். அவன் பின்னால் நின்றுகொண்டு, *அக்கா சம்பளம் வாங்கிட்டாங்க, இன்னிக்கு எல்லாருக்கும் டீ* என்று எழுத வைத்தான்.

"காது இருக்கறவங்ககிட்டப் போய்க் கேளு," என்றாள் திரும்பாமலேயே. பட்டறையே சிரித்தது. சிரிப்புக்கும் மூன்று புள்ளிதான்.

"இதுல ஒரு கூத்து," என்றாள் அவள், மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே. "ஊர்ல இருக்கறவன் பேச்சையெல்லாம் எழுதுது. வாங்கிக் குடுத்த மனுஷன் பேச்சை மட்டும் எழுத மாட்டேங்குது. அவருக்கு வெறும் புள்ளி. மெஷினுக்கே அவர் பேச்சு அலுத்துப்போச்சு போல."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி குனிந்து எதையோ தேடினாள். கடைவாய் தன் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகுதான் தெரிந்தது. காது கேட்காதவள் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுப்பது பட்டறையில் எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். கண்ணாடி புதுசு. அவன் மறந்துவிட்டான்.

*அண்ணன் தொண்டைக்கு மெஷின் என்ன பண்ணும் பாவம்.*

அவள் அதைப் படித்தாள். எழுத்து மேலே நகர்ந்து மறைந்தது.

"தொண்டைக்கு என்ன?" என்றாள்.

அவன் திரும்பினான். முகம் வெளிறிவிட்டது.

*ஒண்ணுமில்லக்கா. போன்ல ஒரு தடவை பேசினேன். சளி பிடிச்ச மாதிரி இருந்துச்சு.*

"எப்போ?"

*அது ஆச்சு, ரொம்ப நாள்.*

கையில் இருந்த பல்செட்டை அவள் வைத்தாள். மேல்தாடை. முன்பல் இரண்டு இன்னும் பதிக்கவில்லை.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் கண்ணாடியை வாங்கிக்கொண்டார். "சார்ஜ் போடறேன். குடு." படுக்கையறைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை.

அவள் போய்ப் பார்த்தாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தான் மாட்டிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் உதடு தெரிந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. முகம் சிவந்தது. நிறுத்தினார். மூச்சு வாங்கினார். தண்ணீர் குடித்தார். குடிக்கும்போது தாடையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாக, யோசித்து விழுங்கினார். மறுபடியும் ஒண்ணு என்றார்.

அவர் எப்போதிலிருந்து அப்படி விழுங்குகிறார் என்று அவள் யோசித்தாள். வேலை செய்கிற இடத்தின் தூசி என்று சொன்னார். தூசி என்று அவளும் நினைத்தாள். மெலிந்தபோது வயசு என்றார். வயசு என்று நினைத்தாள். இருமல் கண்ணுக்குத் தெரிந்தது. அது எப்படிப்பட்ட இருமல் என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

காது போன புதிதில் படுக்கையில் அவர் கழுத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். விளக்கை அணைத்துவிட்டு அவர் ஏதாவது பேசுவார். என்ன பேசுகிறார் என்று தெரியாது. உள்ளங்கைக்குள் ஒரு வண்டு இருப்பது மாதிரி இருக்கும். அப்படியே தூங்கிப்போவாள். பிறகு ஒருநாள் கூச்சமாக இருக்கிறது என்று கையை எடுத்துவிட்டார். கிழவனுக்குக் கூச்சத்தைப் பாரு என்று அவளும் விட்டுவிட்டாள்.

உள்ளே போனாள். அவர் திரும்புவதற்குள் கழுத்தில் கையை வைத்தாள்.

"பேசுங்க."

அவர் அவள் கையை விலக்கப் பார்த்தார்.

"பேசுங்கன்னா."

உதடு அசைந்தது. "என்ன பேச?" கைக்குள் வண்டு இல்லை. காற்று மட்டும் போய் வந்தது, ஓட்டை விழுந்த பலூனில் போகிற மாதிரி.

விரலை நகர்த்தினாள். மெழுகில் மயிரிழைச் சொரசொரப்பைத் தேடும் விரல். தாடைக்குக் கீழே, இடது பக்கம், தோலுக்கு அடியில் கெட்டியாக ஒன்று இருந்தது. அழுத்தினால் நகரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முகத்தை அவளிடமிருந்து திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கினாள்.

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் மடித்ததைக் கட்டிலில் வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

*அண்ணி, உட்காருங்க.*

"தெரியுமா, தெரியாதா?"

*தெரியும்.*

"பட்டறையில தெரியும். அவர் வேலை செய்யற இடத்துல தெரியும். தெருவுக்கே தெரியும், இல்ல?"

*எல்லாருக்கும் காது இருக்கே அண்ணி. வாயைத் திறந்தாலே தெரியுது. என்மேல சத்தியம்னு கையைப் புடிச்சு வாங்கிட்டாரு. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்னாரு.*

"டாக்டர்கிட்டப் போனாரா?"

*போன வருஷம் நான்தான் கூட்டிட்டுப் போனேன். குரல்நாண்ல ஒரு சின்னக் கட்டி, கெட்ட கட்டி, உடனே வாங்கன்னாங்க. ஆபரேஷன், கரண்ட் வைக்கிறதுன்னு மாசக்கணக்கா ஆகும்னாங்க.*

"அப்புறம்?"

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டே பேசினாள். கண்ணாடி எழுதியது.

*கண்ணாடி வரட்டும்னாரு.*

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

*ஆஸ்பத்திரியில எல்லாரும் வாயை மூடியிருப்பாங்க, அவ யார் உதட்டைப் பார்ப்பா, யார் என்ன சொல்றாங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும், நான் உள்ள படுத்துட்டா அவ வெளியில தனியா நிப்பாளேன்னாரு. நான் இருக்கேனேன்னு சொன்னேன். உன் உதடு அவளுக்குப் புரியாதுன்னாரு. அடுத்த மாசம் கண்ணாடி வந்துடும், வந்த மறுநாள் போயிடலாம்னாரு. அடுத்த மாசம் அடுத்த மாசம்னு அவனுங்க தள்ளிட்டே போனானுங்க. ஒவ்வொரு தடவையும் நான் சண்டை போட்டேன் அண்ணி. இந்தத் தடவை நிச்சயம்னு சொன்னாரு. அவருக்கு அவனுங்க மேல அவ்வளவு நம்பிக்கை.*

எழுத்து வேகமாக ஓடியது. படிக்கப் படிக்க மேலே போய் மறைந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்த அந்த மனுஷனை அவள் நினைத்தாள். யானையா என்று தான் கேட்டதை நினைத்தாள்.

மாடியேறிப் போனாள். அவர் அதே கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"நாளைக்குப் போறோம்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். முகத்தை அவள் பக்கம் திருப்பினார். "போலாம். அதான் கண்ணாடி வந்தாச்சே."

*

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எல்லார் வாயும் மாஸ்க்குக்குள் மூடியிருந்தது. வாசலில் சீட்டு கொடுத்தவள், தள்ளுவண்டி தள்ளியவன், ரத்தம் எடுத்தவள், யாருக்கும் கண்ணுக்குக் கீழே முகம் இல்லை. அவள் கண்ணாடியை இறுக்கி மாட்டிக்கொண்டு ஒவ்வொருவர் பேச்சையும் படித்தாள். *நேரா போய் இடது பக்கம். அந்தப் பேப்பரைக் குடுங்க. சாப்பிட்டாரா.* பதில் சொன்னாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பரீட்சை எழுதும் குழந்தையைப் பார்க்கிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவை டாக்டர் படங்களை விளக்கு எரியும் பலகையில் மாட்டினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

*குரல்வளை முழுக்க எடுத்தாகணும். இனிமே பேச்சு வராது. கழுத்துல ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சு.*

டாக்டர் இன்னொரு படத்தைத் தொட்டார்.

*நுரையீரல்லயும் இறங்கியிருக்கு. இந்த ஆபரேஷன் மூச்சு அடைக்காம இருக்கத்தான். குணமாகறதுக்கு இல்லை. போன வருஷமே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். பேச்சு இருந்திருக்கும். ஆளும் இருந்திருப்பார்.*

ஒரு எழுத்துப் பிசகவில்லை. முழு வாக்கியமாக, நிறுத்தற்குறியோடு வந்தது.

அவள் பக்கத்தில் திரும்பினாள். லிஃப்ட்காரர் டாக்டரைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் இடவலம் மாறி ஓடும் பச்சை வெளிச்சத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"முதுகைக் காட்டிப் பேசினாருல்ல? அப்பவும் எழுதுதுல்ல?" என்றன உதடுகள். "எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க," என்றாள்.

"நான் சொன்னேன்ல."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம்தான் அவள் கண்ணைப் பார்த்தார். தட்டிய கை அப்படியே நின்றது.

*

ஆபரேஷன் முடிந்த வார்டில் எட்டுக் கட்டில்கள். லிஃப்ட்காரர் ஜன்னல் ஓரத்தில் இருந்தார். கழுத்தில் கட்டு. கட்டின் நடுவே குழாய். ஒரு கையில் ஊசி, இன்னொரு கை வீங்கியிருந்தது, எழுத முடியவில்லை. நர்ஸ் வந்து வலி எங்கே என்று கேட்டாள். அவர் உதட்டை அசைத்தார். நர்ஸ் குனிந்து பார்த்தாள். காதைக் கிட்டக் கொண்டுபோனாள். நிமிர்ந்தாள்.

*ஐயா, புரியலை. கையைக் காட்டுங்க.*

"முதுகுலயாம்," என்றாள் அவர் மனைவி. "கழுத்துல இல்லையாம். விரிப்பு சுருங்கியிருக்காம்."

நர்ஸ் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விரிப்பை இழுத்துவிட்டாள்.

அதன்பிறகு வார்டில் அது வழக்கமாகிவிட்டது. டாக்டர்கள் வருவார்கள். அவரிடம் கேட்பார்கள். அவர் உதடு அசையும். காது கேட்காதவள் வாயிலிருந்து பதில் வரும். டாக்டர்கள் சொல்வதைக் கண்ணாடியில் படித்து அவள் தெரிந்துகொள்வாள். அவர் சொல்வதைப் படிக்கும்போது மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிடுவாள். அந்தப் பச்சை எழுத்து ஓடும் இடம் சரியாக அவர் உதட்டின் மேல் வந்து விழுந்தது.

அவளுக்கு அவர் பேச்சில் எந்த மாற்றமும் தெரியவில்லை. எந்த மாற்றமும் இல்லைதான். நாத்தனாருக்கு அண்ணன் குரல் என்றால் கடைசி வருஷத்துக் கரகரப்பு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லி அழுதாள். இவளுக்குக் காய்ச்சலுக்கு முந்தின குரல்தான் இருந்தது. லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே பத்து மாடிக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடும் குரல். உதடு அசையும்போதெல்லாம் அதுதான் வந்தது.

இரண்டாவது வாரம் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வந்ததும் பழைய புத்தி வந்துவிட்டது.

"ஒரு மெஷின் இருக்காம். டார்ச் லைட் மாதிரி. கழுத்துல வெச்சுட்டு வாயை அசைச்சா அது பேசுமாம். ரோபோ குரல்ல."

"அது வேற வேணுமா?"

"கண்ணாடிக்கு அது புரியுமான்னு பார்க்கணும். மெஷின் பேச, மெஷின் எழுத. நம்ம ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கலாம்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே கைப்பிடிச் சுவரில் ஒரு புறா நின்றது. அது கத்துகிறதா என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். கண்ணாடி மூன்று புள்ளி வைத்தது.

டாக்டர் அன்று காலையில் அவளைத் தனியாக வெளியே அழைத்துப் போய்ப் பேசியிருந்தார். மாதக் கணக்கில் எதுவும் நினைக்க வேண்டாம் என்றார். அதையும் கண்ணாடி தெளிவாகத்தான் எழுதியது.

அவர் அவள் விரலைச் சுரண்டினார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"கண்ணாடியைப் போடு."

"எதுக்கு? நீங்க சொல்றது எனக்கு வெறும் கண்ணுலயே தெரியுது."

"போடு. அந்த வாக்கியம் சொல்றேன்."

"அதான் எழுதாதே."

"நான் சொல்றேன். நீ சத்தமா சொல்லு. நீ சொன்னா எழுதும்ல?"

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். பச்சை எழுத்து எதுவும் இல்லாததால் அவர் உதடு நன்றாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து யாரும் மழித்துவிடவில்லை. மேலுதட்டில் நரை படர்ந்திருந்தது. பாதிக்குமேல் வெள்ளை. ஓரங்களில் இப்போதே கீழே வளையப் பார்த்தது. சில எழுத்துகள் அதற்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. அவள் இன்னும் கிட்ட வந்து குனிந்தாள்.

அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

*இனிமே நான் மீசை வெச்சுக்கலாமா*

கண்ணாடியில் அது நின்றது. அவள் அடுத்து எதுவும் பேசாததால் மேலே நகராமல் அங்கேயே நின்றது. அவர் தலையைச் சாய்த்து ஓரத்தில் வெளிச்சத்தைப் பார்த்தார். அவருக்கு அது இடவலம் மாறித்தான் தெரியும்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"எழுத்துப் பிழை இருக்கா?"

"இல்லை."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு கழுத்துக் குழாயில் காற்றாக வந்தது. அவள் விரலில் பட்டது.

"என்ன, வெச்சுக்கலாமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மடித்து, அலமாரிமேல் வைத்தாள். பையிலிருந்து ரேசரையும் கிண்ணத்தையும் எடுத்தாள். குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். சோப்பைக் குழைத்தாள்.

"வேணாங்க," என்றாள்.

ஒரு விரலால் அவர் மூக்கு நுனியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெழுகைச் சீவுகிற கையோடு மெதுவாக மழிக்க ஆரம்பித்தாள். அவர் அசையாமல் இருந்தார். வெளுத்த பட்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முடிந்ததும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.